அனுப்பியவர் பெயர்

2007 நவம்பரில் நான் இரண்டு சமூக சேவைகள் செய்துகொண்டிருந்தேன். இரண்டையும் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல் செய்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தைப்பிங் பட்டணத்தில் ஒரு கைத்தொலைபேசிக் கடையில் வேலை. தைப்பிங்கில் மழைக்காலம் என்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. எந்த மாதமும் மழைதான். இன்று எத்தனை மணிக்கு மழை இறங்கும் என்று அந்தக் காலத்தில் பந்தயம் கட்டுவார்களாம். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டால் கடைக்கு ஆள் வராது. பின்பக்கம் ஒரு பழைய கணினி இருந்தது. அதில் 'ஃப்ரீ ரைஸ்' என்ற விளையாட்டை ஆடுவேன். ஜான் பிரீன் என்ற அமெரிக்கர் அந்த அக்டோபரில்தான் தொடங்கியிருந்தார். ஓர் ஆங்கிலச் சொல் வரும், கீழே நான்கு பொருள். சரியானதைத் தட்டினால் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்துக்குப் பத்து அரிசி போய்ச் சேரும். காசு விளம்பரக்காரர்களுடையது. திரையில் ஒரு மரக்கிண்ணம், அதில் அரிசி ஏறிக்கொண்டே போகும். ஒரு மழை மத்தியானத்தில் இரண்டாயிரம் அரிசி சேர்த்துவிட்டு, ஏதோ பசியையே ஒழித்துவிட்டவன் மாதிரி வீட்டுக்குப் போயிருக்கிறேன். இரண்டாயிரம் அரிசி என்பது ஒரு கைப்பிடி.

இரண்டாவது சேவை எஸ்.எம்.எஸ்.

'நவம்பர் 25, ஞாயிறு காலை 10 மணி, கே.எல்., பிரிட்டிஷ் தூதரகம். நம்ம ஆளுங்க எல்லாரும் வரணும். பத்து பேருக்கு அனுப்புங்க.' சாரம் இதுதான். ரோமன் எழுத்தில் தமிழ், நடுவில் மலாய், பாதிச் சொல்லில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாக வரும். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-இலேயே வந்துவிட்டது. தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப அதில் வழி இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் கையில் இருந்தது மலிவு விலை நோக்கியா. அதில் அதெல்லாம் ஏறாது. நான் நாற்பத்து மூன்று பேருக்கு அனுப்பினேன். ரீலோட் விற்கிற கடையிலேயே வேலை என்பதால் காசைப் பற்றிக் கவலையில்லை. அனுப்பியதும் நெஞ்சுக்குள் ஒரு சூடு வந்தது. கிண்ணத்தில் அரிசி ஏறும்போது வந்த அதே சூடுதான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அந்த எஸ்.எம்.எஸ். எங்கிருந்து கிளம்பியது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹிண்ட்ராஃப் என்பது கட்சி அல்ல. முப்பது இந்து அமைப்புகள் சேர்ந்த ஒரு கூட்டணி. 1997 எவரெஸ்ட் குழுவில் இருந்த இராணுவ வீரர் மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் மதம் மாறியவர் என்று சொல்லி முஸ்லிமாக அடக்கம் செய்தார்கள். மனைவியின் வழக்கு எடுபடவில்லை. அதைத் தொடர்ந்து உருவானதுதான் இந்தக் கூட்டணி. 2007 ஆகஸ்டு கடைசியில், நாட்டின் ஐம்பதாவது சுதந்திர நாளை ஒட்டி, வழக்கறிஞர் வேதமூர்த்தி லண்டனில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின்மேல் வழக்குப் போட்டார். எங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து ரப்பர் காட்டில் விட்டுவிட்டு, போகும்போது எந்தப் பாதுகாப்பும் வைக்காமல் போனீர்கள், 4 டிரில்லியன் டாலர் நஷ்டஈடு கொடுங்கள் என்று. கோப்பிக்கடைகளில் இதற்கு ஒரு கணக்கு ஓடியது: தலைக்கு ஒரு மில்லியன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், பாதிப் பேர் சிரிக்காமல் சொன்னார்கள். அக்டோபர் 30-ஆம் தேதி ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டது. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்தப் படங்களை யாரோ ஒரு குறுவட்டில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

தினசரிகளில் இதெல்லாம் வராதா என்று கேட்கலாம். 1984-ஆம் ஆண்டு அச்சகச் சட்டப்படி பத்திரிகை ஒவ்வொன்றும் வருடாவருடம் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்த காலம். எந்த அளவுக்கு எழுதலாம் என்பது ஆசிரியர்களுக்கு மனப்பாடம். இணையத்துக்கு அந்தக் கட்டு இல்லை. 1996-இல் மல்டிமீடியா பெருவழித்திட்டத்துக்காக வெளிநாட்டு முதலீட்டாளர்களைக் கூப்பிட்டபோது, இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்று அரசே வாக்குக் கொடுத்திருந்தது. அந்தச் சந்துக்குள்தான் 1999-இல் மலேசியாகினி வந்தது, வலைப்பதிவர்கள் வந்தார்கள். ஆனால் தோட்டத்திலும் மலிவுவிலை அடுக்குமாடியிலும் இருந்தவர்களிடம் இணையம் எங்கே இருந்தது? அவர்களுக்கு எஸ்.எம்.எஸ்.தான் பத்திரிகை. கோயில் மண்டபம்தான் கூட்டம் போடும் இடம்.

நவம்பர் 25 நடந்தது ஊரறிந்தது. போலீஸ் முன்கூட்டியே நீதிமன்றத் தடை வாங்கியிருந்தது. கே.எல். போகும் சாலையெல்லாம் தடுப்பு. விடிவதற்கு முன்பே பத்துமலையில் கோயில் வளாகத்துக்குள் இருந்த கூட்டத்தின்மேல் கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் அடித்தார்கள். அப்படியும் ஜாலான் அம்பாங் பக்கம் பத்தாயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். முப்பதாயிரம் என்பாரும் உண்டு. கையில் காந்தி படம். பிரிட்டிஷ் ராணிக்கு ஒரு லட்சம் கையெழுத்தோடு மனு தயாராக இருந்தது. எங்கள் வழக்கை நடத்த உங்கள் வழக்கறிஞர் ஒருவரைக் கொடுங்கள் என்று கேட்கும் மனு.

நான் போகவில்லை.

கடைக்கு ஞாயிறு விடுமுறை. பஸ்ஸில் போனால் நாலு மணி நேரம். அம்மா வேண்டாம் என்றார். இதெல்லாம் காரணம் மாதிரி இருக்கும். உண்மையில் போக வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் பங்கை நான் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன். நாற்பத்து மூன்று பேர்!

அந்த நாற்பத்து மூன்றில் ஒருவர் எங்கள் தாமானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன். அரசியல் பேசுகிறவர் இல்லை. சனிக்கிழமை இரவு மூன்று பேரைத் தன் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கமே போகாமல் பழைய ரோட்டிலேயே போய், ஊருக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு நடந்திருக்கிறார். திங்கட்கிழமை மாலை கடைக்கு வந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. பத்து வெள்ளிக்கு ரீலோட் கேட்டார். எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நீதானே மெசேஜ் போட்ட? அங்க போயி உன்னத் தேடுனேன்."

கோபமே இல்லாமல் சொன்னார். "கடையில லீவு கெடைக்கலண்ணே" என்றேன். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். "அதானே, வேலைன்னா வேலைதானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பதினேழு வருடத்துக்கு மேல் ஆகிறது. சமூக ஊடகம், போராட்டம், இளைஞர் எழுச்சி என்று யார் கட்டுரை எழுதினாலும் எனக்கு அந்த வாக்கியம்தான் கேட்கிறது. அவர் செய்தியை நம்பி வரவில்லை. செய்தியில் என்ன இருந்தது? இடம், நேரம், அவ்வளவுதான். வழக்கின் விவரம்கூட அவருக்குச் சரியாகத் தெரியாது. செய்தியின் மேலே திரையில் என் பெயர் இருந்தது. தெரிந்த பையன் போகிறான், நாமும் போவோம் என்று வந்திருக்கிறார்.

அடுத்த இருபது நாளில் அந்த விவகாரம் எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தது. டிசம்பர் 13-ஆம் தேதி உதயகுமார், மனோகரன், கங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஐந்து பேரையும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்தார்கள். இசா என்றால் எல்லாருக்கும் புரியும். 1960-இல் வந்த சட்டம். விசாரணை கிடையாது, உள்துறை அமைச்சர் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருடம், பிறகு இன்னொரு இரண்டு வருடம். அதற்கான முகாம் கமுந்திங்கில். நான் வேலை செய்த கடையிலிருந்து மோட்டாரில் கால்மணி நேரம். தைப்பிங் என்றால் வெளியூர்க்காரர்கள் ஏரித் தோட்டம், தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கும் மழைமரங்கள், 1885-இல் போர்ட் வெல்டுக்குப் போன நாட்டின் முதல் ரயில் என்று சொல்வார்கள். கைதிகளின் குடும்பங்களுக்கு தைப்பிங் என்றால் பஸ் விட்டு இறங்கி, கமுந்திங்குக்கு டாக்ஸி பிடிக்கிற ஊர். 1987 ஓப்பராசி லாலாங்கில் பிடிபட்ட 106 பேரில் பலரும் இங்கேதான் கொண்டுவரப்பட்டார்கள். அப்போது பிடிபட்டவர்களில், ஈப்போ பக்கத்து புக்கிட் மேராவில் கதிரியக்கக் கழிவை எதிர்த்து நின்ற மக்களுக்காக வாதாடிய பினாங்குப் பயனீட்டாளர் சங்க வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் ஒருவர். அந்தக் கைதுகளின் பின்விளைவாக 1989-இல் பிறந்ததுதான் சுவாராம் என்ற மனித உரிமை அமைப்பு. உள்ளே போட்டால் வெளியே ஓர் அமைப்பு முளைக்கும் என்பது அரசாங்கத்துக்கு ஏனோ கடைசிவரை பிடிபடவில்லை.

மறுபடியும் எஸ்.எம்.எஸ். வந்தது. இம்முறை இடம் கமுந்திங், முகாம் பக்கம், மாலை, மெழுகுவர்த்தியோடு. யாருக்கும் அனுப்பாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனேன். முப்பது நாற்பது பேர் இருந்திருப்போம். தூறல். காகிதக் கோப்பையில் ஓட்டை போட்டு மெழுகுவர்த்தியைச் செருகியிருந்தார்கள். அப்படியும் அணைந்துகொண்டே இருந்தது. ஒரு பாட்டி தேவாரம் பாடினார். எதிர்ப்பக்கம் சாதாரண உடுப்பில் நின்றவர்கள் ஒவ்வொரு முகமாகப் படம் பிடித்தார்கள். காமிரா என் பக்கம் திரும்பியபோது எனக்குக் கால் நடுங்கியது உண்மை. லோரி அண்ணன் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா, இன்னிக்கி தேட வேணாம்" என்று சிரித்துக்கொண்டே தன் மெழுகுவர்த்தியிலிருந்து நெருப்புக் கொடுத்தார்.

2008 பிப்ரவரி 16-இல் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி நாடாளுமன்றத்தில் பிரதமருக்கு ரோஜாப்பூக் கொடுக்கப்போன ஊர்வலத்துக்கும் கண்ணீர்ப்புகைதான் கிடைத்தது. மார்ச் 8 தேர்தலில் மனோகரன் கமுந்திங்கில் இருந்தபடியே கோத்தா ஆலம் ஷாவில் ஜெயித்தார். பேராக் ஆட்சி மாறியது. சுங்கை சிப்புட்டில் சாமிவேலு தோற்று, டாக்டர் ஜெயக்குமார் வந்தார். அதே செப்டம்பரில் மலேசியா டுடே வலைத்தளம் நடத்திய ராஜா பெத்ராவையும் கமுந்திங்குக்குக் கொண்டுவந்தார்கள். நவம்பர் 7-ஆம் தேதி ஷா ஆலம் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கணினியில் எழுதியவனையும் கோயிலில் பேசியவனையும் ஒரே வேலிக்குள் வைத்துப் பார்த்த முகாம் எங்கள் ஊரில் இருந்தது. 2009 ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஐவரும் வெளியே வந்தார்கள். 2012-இல் இசா சட்டமே போனது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது என்பது தனிக்கதை. ஹிண்ட்ராஃப் பிறகு எப்படிப் பிரிந்தது, 2013 தேர்தலுக்கு முன் யார் யாரோடு கையெழுத்துப் போட்டார் என்பதும் தனிக்கதை. அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. "நா தலைவருக்காகப் போகலையே" என்பார்.

தெரிந்த பெயரைப் பார்த்து அசைவது எங்கள் சனத்துக்கு எஸ்.எம்.எஸ். கற்றுக்கொடுத்ததல்ல. 1950களில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. சமஸ்கிருதத்துக்கு முன்னிடம் தரலாம் என்ற பரிந்துரைக்கு எதிராக, பால்மரம் வெட்டுகிறவர்கள் பல்கலைக்கழகத் தமிழுக்குக் காசு கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் ஆறாம் வகுப்பைத் தாண்டுவார்களா என்று தெரியாதவர்கள். எங்கள் தாத்தாவும் ஒரு வெள்ளி கொடுத்தார். பேப்பரில் பேர் வந்ததாக வீட்டில் சொல்வார்கள். அந்தத் துண்டை யாரும் பார்த்ததில்லை. ஆனால் கிராணி பெரட்டுக் களத்தில் அதை உரக்கப் படித்தார் என்பதும், அடுத்த நாளே அதே லயத்தில் இன்னும் நாலு பேர் ஒரு வெள்ளியோடு வந்தார்கள் என்பதும் எங்கள் குடும்பப் புராணம். இன்றைக்கு 'லைக்' என்கிறோம், 'லீடர்போர்டு' என்கிறோம். கிராணி வாசித்ததும் அதுதான். ஒரே வித்தியாசம், தாத்தாவுக்கு ஒரு வெள்ளி என்பது கறிக்காசு.

முரசின் மாணவர் மணிமன்றம் இன்னும் நல்ல உதாரணம். பிள்ளைகள் எழுதுவதற்காகப் பத்திரிகையில் தொடங்கிய பகுதி அது. எழுதிய பிள்ளைகள் ஒருவரையொருவர் பெயரால் தெரிந்துகொண்டார்கள், ஊருக்கு ஊர் மன்றம் வைத்தார்கள், அது வளர்ந்து மணிமன்ற இயக்கமாக நாடு முழுதும் நின்றது. 1960-இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது சுங்கை சிப்புட்காரர் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார். கேட்ட ஆள் நேரில் வந்து நின்றார். கொடுத்தார்கள்.

2011-க்கு வருவோம். ஜூலை 9, பெர்சே பேரணி. மஞ்சள் சட்டையே சட்டவிரோதம் என்றார்கள். பேரணி முடிந்த கையோடு, பிரதமர் நஜிப் பதவி விலகக் கோரும் ஒரு லட்சம் பேர் என்று முகநூலில் ஒரு பக்கம். சில நாளில் இலக்கைத் தாண்டியது. நானும் தட்டினேன். அண்ணனிடம் முகநூல் கிடையாது. நஜிப் 2018 வரை பதவியில் இருந்தார். 2018-இல் தேர்தலை மே 9, புதன்கிழமை என்று அறிவித்தபோது நடந்தது வேறு. 'வாக்களிக்க ஊர் திரும்பு' என்ற பொருளில் மலாயில் ஒரு ஹேஷ்டேக் கிளம்பியது. என் காரில் இரண்டு இடம் இருக்கிறது, தைப்பிங் வழியாகப் பினாங்கு போகிறேன், யாருக்கு வேணும் என்று முகம் தெரியாதவர்கள் எழுதினார்கள். வெளிநாட்டிலிருந்து தபால் வாக்குகளைப் பயணிகள் கையில் கொடுத்தனுப்பினார்கள். இரண்டும் இணையம்தான். ஒன்று எண்ணைக் கேட்டது, இன்னொன்று காரில் ஓர் இடத்தைக் கேட்டது.

விளையாட்டுக்கும் இதே கதைதான். அக்காள் மகன் ஒருநாள் சாய்டினா அட்டையை விரித்துக்கொண்டு வந்தான். நம் ஊர் மோனோபோலி. வீடு வாங்கி, வாடகை வசூலித்து, எதிராளியை ஓட்டாண்டியாக்க வேண்டும். மோனோபோலியின் மூல ஆட்டத்துக்கு எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண் 1904-இல் காப்புரிமை வாங்கினார். நிலவுடைமை எப்படி மற்றவர்களை ஏழையாக்குகிறது என்று காட்டத்தான் அதைச் செய்தார். பாடம் எங்கேயோ கழன்றுவிட்டது, ஓட்டாண்டியாக்கும் இன்பம் மட்டும் நின்றது. எங்கள் தோட்டத்தைத் தாமான் கட்ட விற்ற வருடம் நாங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து சாய்டினாதான் ஆடிக்கொண்டிருந்தோம். நான்தான் அதிக வீடு வாங்கினேன்.

கழலாத ஆட்டங்களும் உண்டு. லண்டனில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சங்கம் 1909 வாக்கில் ஒரு அட்டை விளையாட்டு விற்றது. சுருள் பாதை, வீட்டிலிருந்து கிளம்பி நாடாளுமன்றம் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் போலீஸ், சிறை. விற்ற காசு இயக்கத்துக்கு. பங்கர்ஸ்டையும் பிரதமர் ஆஸ்க்வித்தையும் முட்டவைத்து 'பாங்க்-ஆ-ஸ்க்வித்' என்று பெயர். 'சஃப்ராஜெட்டோ' என்று இன்னொன்று. ஒருவர் போராளி, ஒருவர் போலீஸ். பிடிபட்ட காய் சிறைக்கட்டத்துக்கு, அடிபட்ட காய் ஆஸ்பத்திரிக் கட்டத்துக்கு. அதன் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியிருக்கிறது என்கிறார்கள், ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில். அதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு ஜாலான் அம்பாங்தான் தெரிந்தது. வீட்டுக்கூடத்தில் அதை உருட்டிய பெண்களுக்குத் தெருவில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது. சிறை என்பது ஆட்டத்தில் ஒரு கட்டம், அதிலிருந்து வெளியே வரவும் முடியும் என்பதும்.

நம் நாட்டில் அதற்கு நெருக்கமாக நான் பார்த்தது 2020 ஜூலை 4, 5 தேதிகளில் நடந்த மின்னிலக்க நாடாளுமன்றம். அந்த வருடம் மே 18-இல் நிஜ மக்களவை ஒரே நாள் கூடி, மாமன்னர் உரையைக் கேட்டுவிட்டு விவாதம் இல்லாமல் கலைந்தது. நோய்த்தொற்று என்றார்கள். உண்டி18 போன்ற இளைஞர் அமைப்புகள், அப்படியானால் நாங்கள் வீட்டிலிருந்தே நடத்திக் காட்டுகிறோம் என்று 222 தொகுதிக்கும் 222 இளைஞர்களைத் திரையில் உட்காரவைத்தார்கள். மலாயில் உண்டி என்றால் வாக்கு. தமிழில் சாப்பாடு. எனக்கு அரிசி விளையாட்டு ஞாபகம் வந்ததற்கு அதுவும் காரணம். அவைத்தலைவர் இருந்தார், ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார்கள், இணையம் அறுந்து பாதிப் பேச்சில் முகம் உறைந்தது. அக்காள் மகன் கைபேசியில் வைத்துக்கொண்டு, "மாமா, நம்ம தைப்பிங்குக்கும் ஆள் இருக்கு" என்று கூப்பிட்டுக் காட்டினான். பொய்யான நாடாளுமன்றம் உண்மையானதைவிட ஒரு நாள் கூடுதலாக நடந்தது. கேலியாகத் தொடங்கியதாக எனக்குப் பட்டது. இரண்டாம் நாள் கேலி இல்லை. தர்ம பிள்ளை, கிய்ரா யுஸ்ரி போன்றவர்கள் மாணவர்களாகத் தொடங்கிய உண்டி18 இயக்கம், அதற்கு முந்திய ஜூலையிலேயே வாக்களிக்கும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாக்கும் சட்டத்திருத்தத்துக்கு மக்களவையில் 211 வாக்கு வாங்கியிருந்தது. எதிர்த்து ஒரு வாக்கு இல்லை. அது நடைமுறைக்கு வர 2021 டிசம்பர் ஆனது. அந்தப் பிள்ளைகள் ஆடிய ஆட்டத்துக்கு அடுத்த படி ஒன்று தயாராக இருந்தது என்பதைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் நான் படித்தது ஒரு சின்னக் காரணத்துக்காக. இங்கே குடியுரிமைப் பிரச்சினையைப் பார்க்கும் ஒரு தொண்டு அமைப்பில் கணினி வேலைக்கு உதவப் போய்க்கொண்டிருந்தேன். தோட்டத்திலேயே பிறந்து இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் கிழவிகள், அதுவும் இல்லாத பேரப்பிள்ளைகள். 1982 மார்ச்சில் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின், கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிய வேண்டும். பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள். தாய்க்கே தாள் இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. இதை டியூஷன் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? மணிலா அட்டையில் ஒரு பரமபதம் வரைந்தோம். நம் முன்னோர் பாவபுண்ணியத்துக்குப் போட்ட ஆட்டம்தானே. பாம்புகளுக்கு 'கல்யாணம் பதியவில்லை', 'பெயரில் எழுத்துப் பிழை', 'பிறப்புப் பத்திரம் தொலைந்தது' என்று பெயர். ஏணிகளுக்கு 'மருத்துவச்சி சாட்சி', 'பழைய பள்ளிப் பதிவு'. தொண்ணூற்றாறாம் கட்டத்தில் பெரிய பாம்பு, 'சிவப்பு அட்டை'.

பதினோரு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி அதில் வந்து விழுந்தாள். காயை இறக்கமாட்டேன் என்றாள்.

"எங்க பாட்டி இதுலதான் சார் இருக்காங்க. இங்கதான பொறந்தாங்க, ஏன் எறங்கணும்?"

மற்ற பிள்ளைகள் விதி விதிதான் என்று கத்தினார்கள். அவள் காயை உள்ளங்கையில் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வாரம் அவள் அம்மா ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். உள்ளே பாதி செல்லரித்த தாள்கள், தோட்டத்து ஆஸ்பத்திரிச் சீட்டு, ஒரு பழைய சம்பள அட்டை. அந்த வாரம் மட்டும் அப்படி நாலு பை வந்தது.

அமைப்பில் இருந்தவர்களுக்கு உற்சாகம். இதைக் கைபேசிச் செயலியாக்கலாம் என்றார்கள். நிதி கொடுக்கக்கூடிய ஓர் இடத்தில் கேட்டபோது, எத்தனை பதிவிறக்கம் காட்டுவீர்கள் என்று கேட்டார்களாம். எத்தனை பை வரும் என்று யாரும் கேட்கவில்லை. செயலி வேண்டாம் என்று நான் சொன்னேன். தொழில்நுட்பத்துக்கு வந்த ஆள் தொழில்நுட்பம் வேண்டாம் என்கிறான் என்று ஒருவர் கிண்டல் செய்தார். மணிலா அட்டை ஐந்து பிரதி இருக்கிறது. அதை விரிக்க ஐந்து பேர் வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து பையை வாங்கிக்கொள்ளவும் ஆள் வேண்டும். செயலியில் அந்த ஆள் இல்லை. இதில் நான் தவறாகவும் இருக்கலாம். ஊரடங்குக் காலத்தில், 2021-இல், உதவி வேண்டுவோர் வாசலில் வெள்ளைக்கொடி கட்டுங்கள் என்று இணையத்தில் பரவிய ஒரு வரி எங்கள் தாமானிலேயே மூன்று வீட்டுக்கு அரிசி கொண்டுவந்தது. அந்த வரியை எழுதியவரை எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அரிசியைத் தூக்கிக்கொண்டு வந்தது பக்கத்து வரிசைச் சீனக் கிழவர்.

அந்தப் பாட்டியின் மனு தேசியப் பதிவிலாகாவில் மூன்றாவது வருடமாக இருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் அவரை ஏற்றிப் போவது லோரி அண்ணன்தான். லோரியை விட்டுவிட்டார், வேன் மட்டும் இருக்கிறது.

போன மாதம் அவர் புதுக் கைபேசி வாங்கினார். இப்போது கடை என்னுடையது. எண்களை மாற்றிக் கொடுக்கச் சொல்லி மூன்று பழைய கைபேசிகளை மேசையில் வைத்தார். கடைசியில் இருந்தது அந்த நோக்கியா. பேட்டரி உப்பிப் போயிருந்தது. கடையில் கிடந்த ஒரு பி.எல்.-5சி பேட்டரியைப் போட்டு அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு கை பிடித்துக்கொள்ளும் அந்தப் படம் வந்தது.

பெட்டி நிறைந்துவிட்டது என்று மேலே உறைக் குறி மின்னிக்கொண்டிருந்தது. சம்பளம், லோட், டயர், மகளின் பள்ளி. ஒவ்வொன்றாகக் கீழே போனேன். கடைசிக்கு முந்தியதில் என் பெயர் இருந்தது.

"அத அழிச்சிராத தம்பி" என்றார் அண்ணன்.